வெள்ளையும் கறுப்பும்

ஒரு மாதமாகவே திறப்பைக் கெஞ்ச வேண்டியிருந்தது.
கொஞ்சம் உள்ளே தள்ளி, கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து,
மூச்சைப் பிடித்துத் திருப்பினால்
நாலாம் தரம் கேட்கும்.
பிறகு ஏழாம் தரம்.
ஆவணி முதற்கிழமை, புறாத் தீவுக்குப் பின்னால்,
வலை முழுக்க ஏறிய பிறகு
கேட்கவேயில்லை.
நிலாவெளிக் கரை மட்டும் பெர்னாட் துடுப்புப் போட்டான்.
வீட்டுக்கு வந்து
ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் பல் துலக்கினான்.

பழைய சுவிட்சைக் கழற்றினேன்.
பின்பக்கப் பித்தளை பாசிப் பச்சை.
தொட்ட விரலோடு ஒரு கம்பி தானாகவே வந்தது.

என்.சி. வீதியில் ஹில்மியின் கடை.
கண்ணாடி மேசையில் மூன்றை வைத்தார்.
ஒன்று நல்ல பாரம், றப்பர் மூடி, உள்ளே தண்ணீர் போகாது,
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
ஒன்று பிளாஸ்ரிக், திருப்பினால் பல்லிச் சத்தம்,
அவரே அதை ஒதுக்கிவிட்டார்.
மூன்றாவது ஓட்டோவுக்குரியது, ஆயிரத்து நானூறு.
"ஸ்டார்ட் ஆகும், அதுக்கு நான் பொறுப்பு."
நிற்பதைப் பற்றி அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
சீட்டுக் காசில் கைவைக்க மனமில்லை எனக்கு.

பஸ் நிலையத்தடியில் மான் ஒன்று
வாழைப்பழத் தோலைத் தின்று முடித்து
என் பைக்குள் மூக்கை விட்டது,
பெட்டியின் ஒரு மூலையைக் கடித்து இழுத்தது.
சகுனம் பார்க்கிறவள் இல்லை நான்.
பிடுங்கிக்கொண்டு நடந்தேன்.

வயரிங் படித்தவள்.
தொழில்நுட்பக் கல்லூரி, ஒரு வருஷம், சான்றிதழ் உண்டு.
பாலையூற்றில் எட்டு வீட்டுக்குக் கம்பி இழுத்திருக்கிறேன்.
வீட்டில் அணைப்பதென்றால் அறுப்பது,
நடுவில் ஒரு மயிரளவு வெளி வைப்பது.
சிவப்பு பற்றரிக்கு, மண்ணிறம் ஸ்டார்ட்டருக்கு.
வெள்ளை ஒன்று மிஞ்சியது.
ரேப் சுற்றி உள்ளே தள்ளினேன்.

முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது.
பெர்னாட் விசிலடித்தான்.

கரைக்கு வந்து திருப்பினேன். நிற்கவில்லை.
திறப்பையே உருவினேன். நிற்கவில்லை.
உள்ளங்கையில் திறப்பு,
முதுகுக்குப் பின்னால் நாற்பது குதிரை.
கையில் மாட்டும் சிவப்புக் கயிற்றை இழுத்தான் தம்பி.
அதுவும் அந்த வெள்ளையை நம்பித்தான் இருந்திருக்கிறது.
விசிறி மணலைத் தின்றது,
சூசைமுத்தரின் வலையில் இரண்டு பாகம் தின்றது.
எண்ணெய்க் குழாயைப் பிடுங்கி எறிந்தான்.
அதற்குப் பிறகும்
உள்ளே மிஞ்சியதைக் குடித்துக்கொண்டு,
திருக்கடலூரே பார்த்து நிற்க,
ஒரு முழு நிமிஷம்.

"படிச்சவ" என்றான்.
நாலு நாளுக்கு அதுதான் கடைசிச் சொல்.

வலைக்கு ஆறாயிரம் போனது.
ஐந்தாம் நாள் சீட்டுக் காசோடு போய்
பாரமானதை வாங்கினேன்.
ஹில்மி என் முகத்தைப் பார்க்காமல்
ஐந்நூறு குறைத்தார்.
பெட்டிக்குள் மடித்த தாளில் படம்:
நிறுத்தும் இடத்தில்
வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு கோடு.
அச்சுப் பிழை என்று நினைத்தேன்.
தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தேன்.

இந்த எஞ்சின் தன் பொறியைத் தானே செய்கிறது.
ஓடத் தொடங்கினால் பற்றரியிடம் கைநீட்டாது.
அறுத்துவிட்டால் அதற்கென்ன கவலை?
நிறுத்த வேண்டுமானால் சேர்க்க வேண்டும்,
வெள்ளையைக் கொண்டுபோய்க் கறுப்போடு.
எட்டு வீட்டிலும் எனக்கு இது தேவைப்படவில்லை.

ஒவ்வொரு முனையிலும் கிறீஸ் பூசினேன்.
பெர்னாட் ரோர்ச் பிடித்தான்,
முகம் கடற்பக்கம்.
வெளிச்சம் மட்டும் சரியான ஆணியில்.

கரையிலிருந்து அரை மைல்.
கோணமலைக்குப் பின்னால் இன்னும் வெளுக்கவில்லை.
திருப்பினேன். நின்றது.
படகின் அடியைத் தண்ணீர் தட்டுவது கேட்டது.
பிறகு அதுகூட இல்லை.

"இன்னொருக்கா நிப்பாட்டு, பாப்பம்" என்றான்.

ஸ்டார்ட் பண்ணினேன். நிறுத்தினேன்.
பெற்றோல் விற்கிற விலைக்கு இது அடுக்காது.
"இன்னொருக்கா."